வீட்டுக்காரர்

அக்டோபர் 9, திங்கள்

ஒகாமுரா சான் இன்று ஜப்பானுக்குக் கிளம்பிவிட்டார். ஆறு வருடம் அந்த மனிதருக்கு நான்தான் நாக்கு. ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் அவர் ஜப்பானிய மொழியில் திட்டினால் நான் தமிழில் கொஞ்சம் குறைத்துத் திட்டுவேன். நம் ஆட்கள் தமிழில் முனகினால் நான் ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்பேன். மொழிபெயர்ப்பாளன் பிழைப்பு அவ்வளவுதான்.

போகும்போது இரண்டு கையாலும் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தார். உள்ளே விஸ்கி. அவர் ஊர்ப் பக்கம் மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு வடிசாலை இருக்கிறதாம். அந்த ஊர்க் கதைகளில் வரும் விசித்திரப் பிறவிகளில் பன்னிரண்டைப் பொறுக்கி, ஆளுக்கொரு விஸ்கி போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் முந்நூறு பாட்டில், அதற்கு மேல் எந்தக் காலத்திலும் கிடையாது. என்னுடையது இருநூற்றுப் பதினான்காவது. லேபிளில் ஒரு கிழவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சுரைக்காய் மாதிரி நீண்ட வழுக்கை மண்டை, கையில் தேநீர்க் கிண்ணம். முகம் தெரியவில்லை.

"பன்னிரண்டில் உங்களுக்கு எது பொருத்தம் என்று யோசித்து எடுத்தேன், குரு சான்" என்றார் ஒகாமுரா. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பாசம்.

கோவில்பட்டிச் சைவக் குடும்பத்துப் பெண் அல்லவா, என் மனைவி பெட்டியை எட்டி நின்றே பார்த்தாள். "இத நம்ம வீட்ல எங்கங்க வைக்கிறது?" என்றாள். ஷோகேஸில் வை, பரிசுப் பொருள் என்றேன். வைத்தாள். நான் சொன்னால் செய்துவிடுவாள், அந்தக் குறை எனக்குக் கிடையாது.

அக்டோபர் 10, செவ்வாய்

பெட்டிக்குள் ஒரு மடித்த தாள் இருந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? காப்பி குடித்துக்கொண்டே தமிழில் பெயர்த்தேன்.

'நுராரிஹ்யோன். அந்தி நேரத்தில், வீடு பரபரப்பாக இருக்கும்போது வருவார். நேராக உள்ளே வந்து உட்கார்ந்து, கொடுத்ததைக் குடிப்பார். யாரும் அவரை யாரென்று கேட்பதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்து, இவர்தான் இந்த வீட்டின் ஷுஜின் என்று எல்லோரும் எண்ணிக்கொள்வார்கள். கேட்பதானால் முதல் நாளே கேட்க வேண்டும்.'

ஷுஜின் என்ற சொல்லில் கொஞ்சம் நின்றேன். ஜப்பானிய மொழியில் அதற்கு வீட்டின் தலைவர் என்றும் அர்த்தம், கணவர் என்றும் அர்த்தம். உடனே நம் 'வீட்டுக்காரர்' கைகொடுத்தது. நமக்கும் வீட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர் வீட்டுக்காரர், பெண்டாட்டி புருஷனைச் சொல்வதும் வீட்டுக்காரர். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் இப்படிக் கச்சிதமாக அமைவது என் தொழிலில் அபூர்வம். சந்தோஷத்தில் அவளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "வீட்டுக்காரர்னா? வீட்டு ஓனரா, புருசனா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்பிடியா?" என்றாள். பிறகு தாளிப்பு கருகுகிறது என்று உள்ளே போய்விட்டாள். அவளிடம் மொழி நயம் பேசிப் பிரயோஜனமில்லை.

அக்டோபர் 14, சனி

கொலுப் படி கட்டித் தரவில்லை என்று அவளுக்கு வருத்தம். வாரம் ஆறு நாள் இரண்டு மொழியில் தொண்டை வறள்கிறவன் பலகையும் தூக்க வேண்டுமா? அவளே கட்டிவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 18, புதன்

ஆறு மணிக்கு வந்தால் வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. பெருங்களத்தூரில் உள்ள பெண்கள் எல்லாம் எங்கள் ஃபிளாட்டில்தான் இருந்தார்கள் போல. யாரோ பாடுகிறார்கள், சுண்டல் கைமாறுகிறது, குழந்தைகள் பொம்மையைத் தொட்டுத் திட்டு வாங்குகின்றன. அவள் குங்குமச் சிமிழோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி என்னுடையது. அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வயதானவர். என்னைப் பார்த்ததும், "வாங்க, வாங்க. உக்காருங்க" என்றார்.

வந்திருக்கும் பெண்களில் யாருடைய மாமனாரோ என்று நினைத்தேன். கொலுவுக்கு வந்தவரிடம் போய் யார் நீங்கள் என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் உண்டா? "இருக்கட்டும், நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குனிந்து அவர் ஏதோ கேட்க, அவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். பாட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எனக்குச் சுண்டல் வந்தது.

அவர் எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை. ஆள் எப்படி இருந்தார் என்று எழுத நினைத்தால் முகம் ஞாபகத்துக்கு வர மறுக்கிறது. பின்மண்டை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அக்டோபர் 19, வியாழன்

இன்றும் வந்திருந்தார். அதே நாற்காலி.

அடுக்களையில் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "யாரு அது? உங்க சித்தப்பா வகையறாவா?"

"உங்க ஆபீஸ்காரகன்னுல்லா நான் நெனச்சேன்!"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இரண்டு நாள் காப்பி கொடுத்து உபசரித்தாகிவிட்டது. இனிமேல் போய் யாரென்று கேட்டால் மனிதர் என்ன நினைப்பார்? பேச்சுவாக்கில் தானாகத் தெரியவரும் என்று விட்டுவிட்டேன். அந்த ஜப்பானியத் தாளின் கடைசி வரி ஞாபகம் வந்தது. தனியாக ஒரு முறை சிரித்தேன், அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

நாலரை மணிக்கே வந்துவிட்டார். மழை இருட்டு. விளக்கைப் போட்டுவிட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். (ஏன் ஸ்டூலில் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. அவர் வருவதற்கு முன்பே அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.) அவர் எழுந்து ஷோகேஸைத் திறந்து பாட்டிலை எடுத்தார். முத்திரையை உடைத்தார். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தன் சட்டைப் பையிலிருந்து தன் கைக்குட்டையை எடுப்பவரிடம் எப்படிக் கோபப்படுவது? அப்படித்தான் இருந்தது அவர் எடுத்த விதம்.

"செண்பகம், ஐஸ் இருக்காம்மா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

அவள் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? நானே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'இங்க பாரு' என்றால் வந்துவிடுவாள். சாராய வாசனைக்கே முகத்தை மூடுகிறவள், வெள்ளிக் கிண்ணத்தில் ஐஸ் கொண்டுவந்து வைத்தாள். வெள்ளிக் கிண்ணத்தில்!

அவர் எனக்கு முதலில் ஊற்றினார். வாசனை நான் எதிர்பார்த்தது போல் இல்லை. சந்தனக் கட்டையை நனைத்துவைத்த மாதிரி, பூட்டியிருந்த வீட்டைத் திறந்த மாதிரி. குடித்தேன். தொண்டை வழியாக எங்கேயோ வெகு தூரம் இறங்கியது. கிளாஸைக் கீழே வைத்து, "ரொம்ப நன்றிங்க" என்றேன்.

அதைச் சொன்ன பிறகுதான் உறைத்தது. நூறு விருந்துகளில் ஒகாமுராவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஜப்பானியர் தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ள மாட்டார், அடுத்தவருக்குத்தான் ஊற்றுவார். வந்த விருந்தாளிக்கு முதலில் ஊற்றுவது வீட்டுக்காரர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதை வகுப்பெடுத்துச் சொல்வதே நான்தான். இன்று எனக்கு ஊற்றப்பட்டது, நான் வாங்கிக் குடித்து நன்றியும் சொல்லிவிட்டேன்.

வெறும் மரியாதைதான். இதில் என்ன இருக்கிறது.

அக்டோபர் 26, வியாழன்

எனக்குக் காப்பி பீங்கான் கோப்பையில் வந்தது. விருந்தாளிகளுக்கு எடுக்கிற செட். டவரா டம்ளர் கழுவப் போட்டிருக்கும்.

அக்டோபர் 30, திங்கள்

கேட்டில் வாட்ச்மேன் ஏகாம்பரம் நோட்டை நீட்டினான். எட்டு வருடமாக எனக்கு சல்யூட் வைக்கிறவன்.

"சார், எந்த ஃபிளாட்டு? பேரு, டைம் எழுதிட்டுப் போங்க."

"யோவ், ஏகாம்பரம்! நான்யா!"

அவன் உற்றுப் பார்த்தான். மரியாதையாகத்தான் பார்த்தான். "தெரியும் சார், அடிக்கடி வரீங்க. ஆனா அசோசியேஷன்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க, விசிட்டர் யாரா இருந்தாலும் எழுதணும்னு."

பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வம்பு எதற்கு என்று எழுதிவிட்டேன். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் என்று எழுதினேன்.

நவம்பர் 2, வியாழன்

அவர் இப்போதெல்லாம் எங்கள் வீட்டைவிட்டுப் போவதே இல்லை. அதை அவளிடம் கேட்க நேரம் கிடைக்கவில்லை. புது மேனேஜர் வந்திருக்கிறார், தணிக்கை வேறு. கம்பெனி விருந்தினர் விடுதியில் ஒரு வாரம் தங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். தினமும் பஸ்ஸில் இடிபட வேண்டாம். இது முழுக்க என் முடிவு.

சொல்வதற்காக வீட்டுக்குப் போனபோது, அவள் என் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்து வாசலருகே தயாராக வைத்திருந்தாள். நான் இன்னும் சொல்லவே இல்லை.

நவம்பர் 5, ஞாயிறு

திருச்சியில் விடுதியில் இருந்து படிக்கும் மகள் பொன்மதிக்குப் போன் செய்தேன். வழக்கமாக அவள் அம்மாதான் பேசுவாள், நான் பின்னாலிருந்து 'நல்லாப் படிக்கச் சொல்லு' என்பேன்.

"என்னப்பா, மறுபடியும்? இப்பதான அம்மா போன்ல அரை மணி நேரம் பேசுனீங்க!"

"நானா?"

"எங்க மெஸ் கதைக்கு அப்பிடிச் சிரிச்சீங்க! நீங்க சிரிச்சு நான் கேட்டதே இல்லப்பா. என் ரூம்மேட் கூட கேட்டா, உங்கப்பா இவ்ளோ ஜாலியான்னு."

என்ன சொல்வது? ஆமாம் என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் ரயிலில் வருகிறாளாம், ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. "நீங்க ஸ்டேஷனுக்கு வரேன்னு சொன்னீங்கல்ல, மறந்துராதீங்க" என்று வைத்துவிட்டாள்.

அவள் அரை மணி நேரம் பேசுகிற பெண் என்றே எனக்குத் தெரியாது.

நவம்பர் 7, செவ்வாய்

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல உபசரிப்பு. காப்பி முதல் தரம். வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஏதோ சொல்ல அவர் சிரித்தார், அவர் ஏதோ சொல்ல அந்த அம்மா சிரித்தார். அந்த அம்மாவுக்குக் கன்னத்தில் குழி விழும் போலிருக்கிறது. வீட்டுக்காரர் எழுந்து வந்து எனக்கு இரண்டு விரல் விஸ்கி ஊற்றினார். எத்தனை நாளாகக் குடிக்கிறோம், பாட்டிலில் விஸ்கி கழுத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. ரொம்ப நேரம் இருந்து தொந்தரவு செய்யக்கூடாது என்று ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

நவம்பர் 10, வெள்ளி

பயமாக இருக்கிறது.

விடுதி அறையில் வேறு வேலை இல்லாமல் இந்த நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் படித்துவிட்டு, இதை யார் எழுதியது என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். 'அவர்கள் வீடு'. 'அந்த அம்மா'. சொல்லுக்குச் சொல் எடை போட்டுச் சம்பாதிக்கிறவன் நான். என் பேனாவிலிருந்தே என் வீடு நழுவிப் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

நாளை சாயங்காலம் பொன்மதி வருகிறாள். ஸ்டேஷனில் அவர் நிற்பார். அவள் 'அப்பா' என்று அவரிடம் ஓடினால் அத்தோடு முடிந்தது. அதற்கு முன்னால் நான் என் வீட்டுக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும்.

எப்படி நிரூபிப்பது? ஆதார் அட்டையை நீட்டலாம். கட்டிய மனைவியிடம் ஆதார் அட்டை காட்டுகிறவன் புருஷனா? காலையிலிருந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு முறைகூட என் பெயரை வாயால் சொன்னதில்லை. பாஸ்போர்ட் ஆபீசில் கணவர் பெயர் என்ன என்று கேட்டபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள், நான்தான் சொன்னேன். அந்த அதிகாரி சிரித்தார், எனக்குப் பெருமையாக இருந்தது. புருஷன் பெயரைத்தான் அவள் சொல்ல மாட்டாள். ஊரான் பெயரைச் சொல்வதில் அவளுக்கு என்ன கூச்சம்? ஆக, என் பெயரைச் சொல்லச் சொன்னால் அவள் வெட்கப்பட்டு மறுப்பாள். அவள் மறுத்தால் நான்தான் வீட்டுக்காரர்.

இப்போது கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.

நவம்பர் 11, சனி

நாலு மணிக்குப் போய் அழைப்பு மணியை அடித்தேன். எங்கள் வீட்டு மணி எப்படி ஒலிக்கும் என்று இன்றுதான் கேட்டேன். இத்தனை வருடமும் மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே கதவு திறந்துவிடும்.

அவள் வந்து திறந்தாள். பலகார எண்ணெய் வாசனை. அடுக்களையில் முறுக்கு பிழிகிற அச்சின் சத்தம் கேட்டது. அவள் இங்கே என் முன்னால் நின்றாள்.

"வாங்க" என்றாள்.

"வாங்கன்னு சொல்லாத. இது என் வீடு."

அவள் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது.

"உள்ள இருக்கிறது நான் இல்ல. உனக்குத் தெரியலையா? என்னைப் பாரு. பத்தொன்பது வருஷமா இருந்தவன் நான். அது யாரோ."

"தெரியும்ங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவுக நீங்க இல்லைன்னு மொத நாளே தெரியும். ஆபீஸ்காரகன்னு சொன்னது சும்மா. அன்னைக்குக் காப்பியக் குடுத்தேன். வாங்குன கையோட, 'நீ குடிச்சியா செண்பகம்'னு கேட்டாக." குரல் கொஞ்சம் இடறியது. "இருவது பேரு நிக்கிற எடத்துல என்னைய ஒருத்தரு கேட்டாக."

"அது மனுஷனே இல்ல. அந்தத் தாளை உனக்குப் படிச்சுக் காட்டினேனே!"

"படிச்சீக. சாயங்காலம் வருவாரு, உக்காருவாரு, கொடுத்ததைக் குடிப்பாரு, வீட்டுக்காரர் மாதிரி இருப்பாருன்னு." அவள் கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட்ட மாதிரிதான் இருந்தது. "பத்தொம்பது வருசமா அப்பிடி ஒருத்தரு வந்து போய்ட்டுத்தான இருந்தாக. நான்தான் யாருன்னு கேக்காம காப்பி குடுத்துட்டே இருந்துட்டேன்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று பாக்கியிருந்தது.

"சரி. என் பேரைச் சொல்லு பார்ப்போம்."

சொல்லிவிட்டு அவள் கையைப் பார்த்தேன். அது முந்தானையைத் தேடிப் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. மாவுக் கை இடுப்பருகே அப்படியே இருந்தது.

"குமரகுருபரன்" என்றாள்.

முகம் சிவக்கவில்லை. குரல் தாழவில்லை. தபால்காரர் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள்.

"மக வார நேரம்ங்க. அவுக ஸ்டேஷனுக்குக் கெளம்பணும். போய்ட்டு வாங்க." கதவை முகத்தில் அறையவில்லை. வந்தவர் படி இறங்கும்வரை நிற்பது மரியாதை என்று நின்றாள். நான் முதல் திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் தாழ்ப்பாள் விழுந்தது.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அழுகிறேன், எழுதினால் என்ன, பார்க்க யார் இருக்கிறார்கள்? என் பெயர் நீளமான பெயர். பள்ளிக்கூடத்தில் குமார் என்றார்கள், ஆபீசில் குரு என்றார்கள், என் அம்மாகூடப் பாதியில் நிறுத்திக்கொள்வாள். செண்பகவல்லி ஒரு எழுத்தைக்கூட விழுங்காமல் முழுதாகச் சொன்னாள். அத்தனை அழகாக யாரும் என் பெயரைச் சொன்னதில்லை.